ஆவுல்ஸ் ஹெட் ஓவியமும் அதன் உடைமையாளர்களும்

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் அமெரிக்க ஓவியத் தொகுப்பில் 48.448 என்ற சேர்க்கை எண்ணைத் தாங்கிய கடற்கரை ஓவியம் ஒன்று உள்ளது. கித்தானில் எண்ணெய்வண்ணத்தால் தீட்டப்பட்ட இப்படத்தின் உயரம் 40 சென்டிமீட்டர், அகலம் 66 சென்டிமீட்டர் மட்டுமே. நீண்ட கழியொன்றைப் பிடித்தபடி காண்போருக்கு முதுகுகாட்டிக் கரையில் நிற்கும் ஒற்றை மனிதன், அலையடங்கிக் கிடக்கும் விரிகுடா, பாய் விரித்திருந்தும் நகராததுபோலத் தோன்றும் கப்பல், அப்பால் நீரில் நீண்டு கிடக்கும் நிலமுனை, அதற்குமேல் வெளிறிச் சிவந்த வானம் ஆகியவற்றைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை எனலாம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தின் பெனாப்ஸ்காட் விரிகுடாவில் இருக்கும் ஆவுல்ஸ் ஹெட் என்னும் நிலமுனையே அதில் காணப்படுவது என்பதும், வரைந்தவர் எஃப். எச். லேன் என்பதும், ஆண்டு 1862 என்பதும் கித்தானின் பின்பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன.

ஓர் ஓவியம் தீட்டப்பட்ட நாள்தொட்டு இன்றுவரை யார் யாரிடம் இருந்தது, எந்த வகையில் கைமாறியது என்பதைத் தொகுத்துச் சொல்லும் பதிவைக் கலை வரலாற்றாசிரியர்கள் உடைமை வரலாறு என்பர். போலிப் படத்தைக் கண்டறியவும், திருட்டுப் பொருளை மீட்கவும், விலையை உயர்த்தவும் பயன்படுகிற துணைக்கருவியாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. ஒரு கலைஞருக்குப் புகழ் முதலில் வரும், அந்தப் புகழைத் தொடர்ந்து செல்வர்கள் அவர் படங்களை வாங்குவர் என்பதே இக்கருத்தின் அடியில் உள்ள எண்ணம். லேனின் சிறு கடலோரப் படங்களில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அவற்றை வைத்திருந்தவர்களும், மறந்தவர்களும், மீண்டும் தேடி வாங்கியவர்களும் எடுத்த முடிவுகளிலிருந்தே அவருடைய இன்றைய புகழ் பிறந்தது. கலை வரலாறு அந்த முடிவுகளுக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

லேன் 1804ஆம் ஆண்டு டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மீன்பிடித் துறைமுகமான கிளாஸ்டரில், கப்பல்களுக்குப் பாய் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே கால்கள் செயலிழந்ததால் வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோல்களின் துணையோடு நடந்தார். தோட்டத்தில் வளர்ந்திருந்த ஊமத்தை இனச் செடியொன்றின் விதைகளைத் தின்றதே காரணம் என்று ஊரார் சொல்லிவந்தனர், இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. 1832இல் பாஸ்டனின் பெண்டில்டன் கல்லச்சுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கல்லச்சு என்பது வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து, எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற இயல்பைக் கொண்டு படியெடுக்கும் முறை. துறைமுகத்தின் ஒவ்வொரு கூரையையும் ஒவ்வொரு பாய்மரத்தையும் இடம்பிசகாமல் பதிக்கும் பழக்கத்தை அவருக்குக் கற்றுத்தந்தது அதுவே. 1840களின் இறுதியில் சொந்த ஊர் திரும்பி, துறைமுகத்தை நோக்கிய மேட்டில் தாமே திட்டமிட்ட கல்வீட்டைக் கட்டிக்கொண்டு, 1865 ஆகஸ்டில் இறக்கும்வரை அங்கேயே ஓவியம் தீட்டினார்.

அக்காலத்தில் அவர் படங்களை வாங்கியவர்கள் கலைத்தொகுப்பாளர்கள் அல்லர். கப்பல் உரிமையாளர்கள், வணிகர்கள், மருத்துவர்கள், அவர்களுடைய மனைவியர் ஆகியோரே வாடிக்கையாளர்கள். தம் கப்பலையோ, தம் கரையையோ, கோடையில் தாம் உலாவிய பாறையையோ வரைந்து தரச்சொல்லிக் கேட்டார்கள். கிளாஸ்டரில் பிறந்து கடல்வணிகத்தில் பொருளீட்டிய சிட்னி மேசன் போன்ற சிலரைத் தவிர்த்தால், உள்ளூருக்கு வெளியே அவரை ஆதரித்தோர் மிகக் குறைவு. ஆகவே படம் வீட்டுப் பொருளாகவே பிறந்தது. விற்பனைச் சீட்டு, கணக்கேடு, பட்டியல் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. சுவரில் யார் படம் மாட்டப்பட்டிருக்கிறது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

வெளியூருக்குப் படம் செல்வதற்கு அக்காலத்தில் ஒரு விந்தையான வழி இருந்தது. நியூயார்க்கில் இயங்கிய அமெரிக்க ஓவியச் சங்கம் ஆண்டுக்கு 5 டாலர் செலுத்தும் எவரையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டு, திரண்ட தொகையில் ஓவியர்களிடமிருந்து படங்களை வாங்கி, ஆண்டிறுதியில் குலுக்கல் நடத்தி அவற்றை உறுப்பினர்களுக்கு வழங்கியது. குலுக்கலில் எதுவும் கிடைக்காதவருக்கும் அச்சுப்படம் ஒன்று உண்டு. 1849இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 19,000ஐ நெருங்கியது. லேனின் கடற்காட்சிகள் சிலவும் 1840களின் பிற்பகுதியில் இச்சங்கத்தின் வழியே சென்றன. கடலைப் பார்த்தே இராத உள்நாட்டு ஊரின் கடைக்காரர் ஒருவர் 5 டாலருக்கு பாஸ்டன் துறைமுகத்தின் விடியற்காலையை வென்றெடுக்க முடிந்தது என்பது, ஓவிய உடைமையை இவ்வளவு பரவலாக்கிய ஏற்பாடு அதற்கு முன்போ பின்போ அந்நாட்டில் இருந்ததா என்று எண்ணவைக்கிறது. 1852இல் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இக்குலுக்கல் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்ததோடு சங்கம் முடிவுக்கு வந்தது. எனினும் அது அச்சிட்ட பட்டியல்கள் எஞ்சின. எந்தப் படம் எந்த ஊரில் யாருக்குப் போனது என்று அவற்றில் வரிசையாகப் பதிவாகியிருப்பதால், தனியாருக்கு நேராக விற்ற படங்களைவிடக் குலுக்கலில் போன படங்களின் முதல் உடைமையாளரை அறிவதே இன்று எளிது. பாஸ்டன் அத்தினியம் என்ற நூலகச் சங்கம் நடத்திய ஆண்டுக் கண்காட்சிகளின் பட்டியல்களும் இத்தகையவை. படத்தை இரவல் கொடுத்தவரின் பெயரை அவையும் குறித்து வைத்தன.

இவ்விரண்டையும் விடப் பெறுமதியான சான்று, ஆய்வாளர் எவரும் திட்டமிடாமல், நட்பின் காரணமாக உருவானது. கிளாஸ்டர் வணிகரான இளைய ஜோசப் ஸ்டீவன்ஸ் லேனின் நெருங்கிய நண்பர். அவருடைய பெற்றோர் மெய்ன் மாநிலத்தின் காஸ்டீன் ஊரில் வாழ்ந்ததால், 1840களின் இறுதியிலிருந்து பல கோடைகளில் இருவரும் அங்குச் சென்று, அங்கிருந்து படகில் பெனாப்ஸ்காட் விரிகுடாவைச் சுற்றிவந்தனர். ஊன்றுகோலோடு பாறைமேல் ஏற இயலாத லேன், படகின் தளத்தில் அமர்ந்தபடியே கரையை நீள்வாட்டில் பென்சிலால் வரைந்தார். தாள் போதாதபோது இன்னொரு தாளை ஒட்டிக்கொண்டார். குளிர்காலத்தில் கிளாஸ்டரின் கல்வீட்டில் இக்கோட்டுருவங்களைக் கொண்டே எண்ணெய்வண்ணப் படங்கள் உருவாயின. மெய்ன் கரையைப் பற்றிய சிறு படங்கள் எல்லாவற்றுக்கும், ஆவுல்ஸ் ஹெட் உட்பட, அடித்தளம் இப்பயணங்கள்தாம்.

லேன் இறந்தபின் கோட்டுருவங்கள் ஸ்டீவன்ஸிடம் வந்து சேர்ந்தன. அவர் ஒவ்வொன்றின் அடியிலும் இடத்தின் பெயரையும், பலவற்றில் உடன்வந்தவர்களின் பெயர்களையும் எழுதியதோடு, அந்த வரைவைக் கொண்டு யார் யாருக்குப் படம் தீட்டித் தரப்பட்டது என்பதையும் குறித்தார். கிளாஸ்டரின் கிழக்கு முனையிலுள்ள பிரேஸ் பாறையை லேன் தம் இறுதி ஆண்டுகளில் திரும்பத் திரும்பத் தீட்டியபோது, ஏறத்தாழ ஒரே அளவில், 25க்கு 38 சென்டிமீட்டர் என்ற அடக்கத்தில், ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய பல படங்கள் உருவாயின. கரையேறி உடைந்து கிடக்கும் படகும் அசையாத நீருமாக அவையனைத்தும் ஒரே காட்சியே. இத்தகைய உடன்பிறப்புப் படங்களைப் பிரித்தறிய, ஸ்டீவன்ஸ் எழுதிவைத்த பெயர்களே இன்றும் முதற்சான்று. 100க்கும் மேற்பட்ட இக்கோட்டுருவங்கள் கிளாஸ்டரிலேயே, இன்று கேப் ஆன் அருங்காட்சியகம் எனப்படும் நிறுவனத்தில் உள்ளன. கலைஞரின் தாள்கள் ஊரைவிட்டுப் போகாமல் இருந்ததே அவருக்குக் கிடைத்த மிகப்பெரிய வாய்ப்பு என்று கருத இடமுண்டு.

லேனின் உயிலும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஊரின் பழைய கோட்டையைக் காட்டும் தம் ஓவியத்தை அவர் கிளாஸ்டர் மக்களுக்கு எழுதிவைத்தார். அப்போது வங்கியின் கீழிருந்த வாசிப்பறையில் தொங்கிய அப்படம், நகராட்சி பாதுகாப்பான இடமொன்றை ஏற்படுத்தித் தரும்வரை அங்கேயே இருக்கவேண்டும் என்றும், மறைந்துபோன இடமொன்றின் நினைவாக அது காக்கப்படவேண்டும் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். படத்தின் உடைமை தனியொருவருக்கு அன்றி ஊருக்கு உரியது என்ற எண்ணம் ஒரு துறைமுக ஓவியருக்கு இருந்தது என்பதை இது காட்டுகிறது.

அவருக்குப் பின்வந்த ஏறத்தாழ 70 ஆண்டுகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு பாஸ்டன் செல்வர்களின் நோக்கு ஃபிரான்ஸின் பக்கம் திரும்பியது. வில்லியம் மோரிஸ் ஹண்ட் என்ற ஓவியரின் தூண்டுதலால் மில்லே, கோரோ ஆகியோரின் வயல்களும் காடுகளும் அந்நகரத்து வரவேற்பறைகளை நிறைத்தன. தூரிகைத் தடமே தெரியாத வழவழப்பான மேற்பரப்பும், எண்ணி முடிக்கத்தக்க விவரங்களும் கொண்ட லேனின் முறை பழமையானதாகத் தோன்றியது. படங்கள் அழியவில்லை, விலைபோகவும் இல்லை. தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேரனுக்கும் நாற்காலி, கடிகாரம் ஆகியவற்றோடு சேர்ந்து இறங்கின, அல்லது வீடு காலிசெய்யப்பட்டபோது பழம்பொருள் கடைக்குப் போயின. பணமதிப்பற்ற பொருளின் கைமாற்றத்தை யாரும் எழுதிவைப்பதில்லை என்பதால், 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கடலோரப் படங்கள் பலவற்றின் உடைமை வரலாற்றில் இந்தப் பகுதி வெறுமையாகவே நிற்கிறது. அந்த வெறுமையைச் சான்றின் குறைபாடு என்று மட்டும் சொல்வது சரியாகாது. ஒரு தலைமுறையின் இரசனை எதைப் பொருட்படுத்தவில்லை என்பதற்கு அதைவிடத் துல்லியமான ஆவணம் இல்லை.

வெறுமை முடிவுக்கு வந்தது கலை அறிஞர்களால் அன்று. ரஷ்யப் பேரரசின் பெசராபியப் பகுதியில் 1893இல் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, இசைநாடகப் பாடகராகப் பயின்று, 1922இல் அமெரிக்கா வந்த மாக்சிம் கரோலிக் என்பவரால். 1928இல் அவர் மார்த்தா காட்மனை மணந்தார். மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தின் பெருவணிகர் எலியாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் வழிவந்த மார்த்தா, பாஸ்டனின் பழங்குடும்பச் செல்வர்களுள் ஒருவர். மணமகனுக்கு அப்போது வயது 35ஐ நெருங்கியிருந்தது, மணமகளுக்கு 70ஐ. நியூபோர்ட்டின் கோடை மாளிகைகளில் இத்திருமணம் நெடுநாள் பேசுபொருளாக இருந்ததில் வியப்பில்லை. மார்த்தாவிடம் முன்னோர் விட்டுச்சென்ற 18ஆம் நூற்றாண்டுத் தட்டுமுட்டுச் சாமான்களும் ஓவியங்களும் இருந்தன. கணவரின் ஊக்கத்தால் இத்திரட்டு விரிவடைந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்துக்கு இருவரும் வழங்கிய முதல் தொகுப்பாயிற்று.

இரண்டாம் தொகுப்புத்தான் துணிச்சலானது. 1815 முதல் 1865 வரையிலான அமெரிக்க ஓவியத்தைத் திரட்ட முடிவு செய்த கரோலிக், அரை நூற்றாண்டுக் காலத்தின் அந்தப் படங்களை எவரும் மதிக்காத 1940களில், புகழ்பெற்ற பெயர்களைப் பொருட்படுத்தாமல் கண்ணுக்குப்பட்டதை வாங்கினார். பெயரே அறியப்படாத ஓவியர்களின் படங்களும் அவற்றுள் பல. 1841 முதல் தலைமுறை தலைமுறையாக ஓவிய வணிகம் செய்துவந்த பாஸ்டனின் வோஸ் குடும்பத்தினர், 1937இல் கடை திறந்த சார்ல்ஸ் சைல்ட்ஸ், நியூயார்க்கின் விக்டர் ஸ்பார்க் போன்ற வணிகர்கள் நியூ இங்கிலாந்தின் வீடுகளிலிருந்தும் ஏலங்களிலிருந்தும் படங்களைத் திரட்டித் தந்தனர். அருங்காட்சியகத்தின் ஓவியப் பிரிவுக் காப்பாட்சியரும், லண்டன் கோர்ட்டால்ட் கலைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்தவருமான டபிள்யூ. ஜி. கான்ஸ்டபிள் தேர்வில் ஆலோசனை வழங்கினார். அதாவது தனியொருவர் தம் வீட்டுக்காக வாங்கிக் குவித்துப் பின்னாளில் கொடையாக்கிய தொகுப்பன்று இது. அருங்காட்சியகத்தின் சுவரை மனத்தில் வைத்தே வாங்கப்பட்ட தொகுப்பு. 200க்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அதன் பட்டியல் நூல் 1949இல் வெளிவந்தது. காட்சியறைகள் 1951இல் திறக்கப்பட்டன.

ஆவுல்ஸ் ஹெட் படத்தின் கொடைக் குறிப்பு, அதாவது படத்தின் அருகே அச்சிடப்படும் உடைமை வாசகம், அதை மார்த்தா கரோலிக்கின் உயில்வழிக் கொடை என்று சொல்கிறது. சேர்க்கை எண்ணின் முற்பகுதியான 48 அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டைக் குறிக்கிறது, பிற்பகுதி அவ்வாண்டின் வரிசையை. மார்த்தா 1948இல் இறந்தார். அதே தொகுப்பின் வேறு பல படங்கள் மாக்சிமின் கொடையாக 47 என்ற முன்னெண்ணோடு உள்ளன. வாங்கியது பாடகரின் கண், பணம் சேலத்துக் கப்பல் வணிகத்தின் நெடுங்காலச் சேமிப்பு. கடல்வழியே சேர்ந்த செல்வம் நான்கைந்து தலைமுறைகளுக்குப் பின் கடற்காட்சிகளை வாங்கப் பயன்பட்டது என்பதை இவ்விடத்தில் குறிப்பிடாமல் விட இயலாது.

இதே காலத்தில் லேனின் சமகாலத்தவரான மார்ட்டின் ஜான்சன் ஹீடுக்கும் இதுவே நேர்ந்தது. 1868இல் அவர் தீட்டிய, நாரகன்செட் விரிகுடாவின்மேல் கறுத்துவரும் இடிமழைக் காட்சி நியூயார்க்குக்கு அருகிலுள்ள பழம்பொருள் கடையொன்றில் கண்டெடுக்கப்பட்டு, 1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கண்காட்சியில் இடம்பெற்றபோதுதான் அவருடைய பெயரே பலருக்குத் தெரியவந்தது. கரோலிக் ஹீடின் படங்களையும் வாரி வாங்கினார்.

1949ஆம் ஆண்டுப் பட்டியல் நூலுக்கு முன்கட்டுரை எழுதியவர் ஜான் பாவர். அவரே 1954இல், லேன், ஹீட் போன்றோரின் பாணியை லூமினிசம் என்ற பெயரால் தனியொரு போக்காக வரையறுத்தார். தூரிகையின் தடத்தை மறைத்து, கிடைமட்டக் கோடுகளால் காட்சியை அமைத்து, காற்றும் ஒளியுமே படத்தின் பொருளாகும்படி தீட்டும் முறையை இப்பெயர் குறிக்கும். அந்த ஓவியர்கள் தம்மை அப்படி அழைத்துக்கொண்டதே இல்லை. ஒரு போக்கு இருந்ததால் அதைச் சேர்ந்த படங்கள் திரட்டப்படவில்லை. திரட்டப்பட்ட படங்கள் ஓரிடத்தில் அருகருகே தொங்கியதால் ஒரு போக்கு கண்ணில் பட்டது. பிற்காலத்தில் லூமினிசம் என்பது 20ஆம் நூற்றாண்டின் கற்பிதமே என்று வாதிட்டவர்கள் இந்த வரிசையைத்தான் சுட்டிக்காட்டினார்கள், அவர்கள் வாதத்தில் வலு இருக்கவே செய்கிறது. ஆயினும் 1980இல் வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடம் நடத்திய பெருங்கண்காட்சிக்குப் பிறகு அப்பெயரை அசைப்பது அரிதாகிவிட்டது.

அக்கண்காட்சியை உருவாக்கிய ஜான் வில்மர்டிங் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே, சைல்ட்ஸின் கடையில் கிளாஸ்டர் வெளித்துறைமுகத்தைக் காட்டும் லேனின் படமொன்றைத் தம் முதல் ஓவியமாக வாங்கியவர். 1964இல் லேனைப் பற்றிய நூலை வெளியிட்டு, பின் 2004இல் தம் தொகுப்பிலிருந்த சுமார் 50 படைப்புகளைத் தேசிய ஓவியக் கூடத்துக்கு அளிப்பதாக அறிவித்தார். உடைமையாளரும் ஆய்வாளரும் ஒரே ஆளாவதில் சிக்கல் உண்டு என்பதை மறுக்கமுடியாது. தம் கையிலிருக்கும் படத்தின் மதிப்பைத் தம் எழுத்தே உயர்த்துகிறது. அவர் அவற்றை விற்காமல் பொதுவுடைமையாக்கினார் என்பது அச்சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. அதே 2004இல் லேனின் மான்செஸ்டர் துறைமுக ஓவியம் மாசசூசெட்ஸ் ஏலத்தில் 55 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

விலை இவ்வளவு உயர்ந்தபோது ஆவணங்களும் கூர்ந்து படிக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அருங்காட்சியகப் பலகைகளிலும் நூல்களிலும் ஃபிட்ஸ் ஹியூ லேன் என்றே அச்சிடப்பட்டுவந்த ஓவியரின் பெயர், அவர் 1831இல் மாநில அரசுக்குக் கொடுத்த விண்ணப்பத்தை கிளாஸ்டர் ஆவணக் காப்பாளர்கள் கண்டெடுத்தபின், 2005 வாக்கில் ஃபிட்ஸ் ஹென்றி லேன் என்று திருத்தப்பட்டது. நத்தானியல் ராஜர்ஸ் லேன் என்ற பிறப்புப் பெயரை மாற்றிக்கொள்ளவே அவர் அனுமதி கேட்டிருந்தார். படங்களில் அவர் பெரும்பாலும் முதலெழுத்துகளையே இட்டதால் இந்தப் பிழை இவ்வளவு காலம் தப்பியது.

பெயரைவிடக் கடினமான கேள்வி கையைப் பற்றியது. மேரி பிளட் மெலன் என்ற பெண்மணி லேனிடம் பயின்று, அவர் படங்களை மூலத்திலிருந்து வேறுபடுத்த முடியாதபடி படியெடுத்தவர்; இருவரின் பெயரையும் தாங்கிய வட்டவடிவக் கடற்கரைப் படமொன்றும் எஞ்சியுள்ளது. கையொப்பமற்ற சிறு படங்கள் 20ஆம் நூற்றாண்டில் லேனின் பெயரிலேயே விற்கப்பட்டன, ஏனெனில் சந்தை கேட்டது அந்தப் பெயரைத்தான். 2007இல் கேப் ஆன் அருங்காட்சியகம் இருவரின் படங்களையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகு, மெலனின் குடும்பத்தார் வழியே இறங்கிவந்த படங்கள் எவை, லேனிடம் நேராக வாங்கியவர்களின் வழித்தோன்றல்களிடமிருந்து வந்தவை எவை என்ற விசாரணை புதிதாகத் தொடங்கியது. தூரிகைவேலையை ஆராய்ந்து முடிவுக்கு வரமுடியாத இடங்களில், முதல் உடைமையாளர் யார் என்ற கேள்வியே படத்தை யாருடையது என்று தீர்மானிக்கிறது; ஸ்டீவன்ஸின் அடிக்குறிப்புகளில் பெயர் இருக்கும் குடும்பத்தின் படம் ஒரு பக்கமும், அத்தகைய பெயரில்லாத படம் மறுபக்கமும் நிறுத்தப்பட்டு, தனியார் சுவர்களில் தொங்கும் சில படங்கள் லேனின் பட்டியலைவிட்டு மெலனின் பட்டியலுக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன.